ரோபோ கிட் வாங்கும் முன்... கிணற்று ராட்டினத்தையும் மண்டிப் பலகையையும் காட்டுங்கள்!

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணி. சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாகத் தரையிறங்கியது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டியது. அடுத்த சில மணி நேரத்தில், லேண்டருக்குள் இருந்த பிரக்யான் ரோவர் வெளியே வந்து நிலவின் மண்ணில் சக்கரம் பதித்தது. 26 கிலோ எடை, ஆறு சக்கரங்கள், சூரிய ஒளியில் ஓடும் ரோபோ வண்டி அது.

அந்த ரோவர் லேண்டரிலிருந்து கீழே இறங்கியது எப்படித் தெரியுமா? ஒரு சாய்பலகை வழியாகத்தான். மடித்து வைத்திருந்த இரண்டு துண்டுப் பலகை சரிவாக விரிந்தது. ரோவர் அதன் மேல் மெல்ல உருண்டு இறங்கியது.

அதே பலகையைப் பார்க்க நிலவுக்குப் போக வேண்டியதில்லை. லாரியின் பின்பக்கம் பலகை சாய்த்து டிரம்மை உருட்டி ஏற்றும் இடம் திண்டிவனத்திலும் இருக்கிறது, விழுப்புரத்திலும் இருக்கிறது. வீட்டு வாசலில் பைக் ஏற்றுவதற்காகப் போட்டிருக்கும் சிமென்ட் சரிவும் அதே இயந்திரம்தான். பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் சாய்தளம்.

இன்று சிறிய ஊர்களிலும் ரோபாட்டிக்ஸ் வகுப்பு விளம்பரங்களைப் பார்க்க முடிகிறது. கோடை விடுமுறை வந்தால் கேம்ப், பிறந்தநாள் வந்தால் ரோபோ கிட். பணம் கட்ட முடிந்த வீட்டில் ஒரு கவலை: கிட்டில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பிள்ளை ஒரே நாளில் காரை மாட்டிவிடுகிறது, அதன் பிறகு அந்த கார் அலமாரியில் தூங்குகிறது. பணம் கட்ட முடியாத வீட்டில் வேறு கவலை: 'இதெல்லாம் நம்ம பிள்ளைக்கு எங்கே கிடைக்கப்போகுது?'

இரண்டு கவலைக்கும் ஒரே இடத்திலிருந்து விடை தேடலாம். அந்த இடம் நம் வீடும் தெருவும்.

விழுப்புரம் தந்த திட்ட இயக்குநர்

சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப.வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கும் தெரியும். அவருடைய அப்பா ரயில்வேயில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர். மகன் படித்தது விழுப்புரம் ரயில்வே பள்ளியில். பிறகு அதே ஊரில் ஏழுமலை பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ. அதற்குப் பிறகுதான் சென்னை சாய்ராம் கல்லூரியில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. என்று மேலே போனார். தமிழக அரசு பாராட்டிக் கொடுத்த 25 லட்சம் ரூபாயையும் தான் படித்த கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார்.

பாலிடெக்னிக் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் இது. டிப்ளமோவில் பட்டறை உண்டு. அரம் பிடிக்க வேண்டும், திருகு முடுக்க வேண்டும், லேத்தில் நிற்க வேண்டும். கை அழுக்காகும் படிப்பு அது. அந்தப் படிப்பிலிருந்து போனவர்தான் நிலவில் ரோவர் இறக்கிய அணிக்குத் தலைமை தாங்கினார்.

ரோவருக்கும் ரயிலுக்கும் ஒரு சொல் தொடர்பும் இருக்கிறது. நாம் ரயில் பெட்டியையே 'போகி' என்கிறோம். உண்மையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம். பிரக்யானின் சக்கர அமைப்புக்குப் பெயர் 'ராக்கர் போகி'. சக்கரங்களை நெம்புகோல் போன்ற கைகள் இணைத்திருக்கும். ஒரு சக்கரம் கல் மேல் ஏறினால் அந்தக் கை சாய்ந்து கொடுக்கும், மற்ற சக்கரங்கள் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். செவ்வாய்க் கிரகத்தில் ஓடிய நாசாவின் ரோவர்களிலும் இதே அமைப்புதான். அத்தனை நுட்பத்துக்கும் அடியில் இருப்பது சீசாப் பலகையின் தத்துவம்.

ஆறே ஆறு இயந்திரம்

உலகத்தில் எவ்வளவு பெரிய இயந்திரத்தைப் பிரித்துப் போட்டாலும் அதன் அசையும் பாகங்களில் பெரும்பாலும் இந்த ஆறில் ஏதாவது ஒன்று அகப்படும். நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு. இவற்றுக்குத்தான் எளிய இயந்திரங்கள் என்று பெயர்.

சமையலறைக்குள் பிள்ளையோடு ஒரு சுற்று வந்தாலே ஆறையும் பார்த்துவிடலாம். பாக்குவெட்டி ஒரு நெம்புகோல். அரிவாள்மனையின் விளிம்பு ஓர் ஆப்பு. கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் துருவும் மெஷின், சக்கரமும் அச்சும். ஊறுகாய் பாட்டில் மூடி, திருகு. சுற்றிப் பிழியும் முறுக்கு அச்சிலும் அதே திருகுதான். காய் நறுக்கிய பலகையைச் சாய்த்துப் பாத்திரத்தில் தள்ளினால் சாய்தளம். கப்பி மட்டும் கொல்லைப்புறத்தில், கிணற்று மேல் தொங்கும் ராட்டினத்தில் இருக்கும்.

வீட்டில் தையல் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. காலால் மிதிக்கும் பலகை நெம்புகோல். அது பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. பெல்ட், மேலே இருக்கும் சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றி ஊசியை மேலும் கீழும் இழுக்கிறது. ஊசி முனை ஓர் ஆப்பு. கால் செய்யும் ஒரு வேலை, ஊசி செய்யும் வேறொரு வேலையாக எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சைக்கிளிலும் இதே கணக்கு. பெடல் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை சுற்று சுற்றும். அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் போகும் அக்காவிடம் சொல்லி, பல்லை எண்ணச் சொல்லுங்கள். வகுத்தல் கணக்கு அதற்குப் பிறகு மறக்காது.

எதுவும் இலவசம் இல்லை

எளிய இயந்திரங்களில் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். இயந்திரம் எதையும் இலவசமாகத் தராது. பலத்தில் மிச்சம் பிடித்தால், தூரத்தில் அதைக் கொடுத்தாக வேண்டும்.

ஓர் அடி உயரத் திண்ணைக்கு ஒரு மூட்டையை நேராகத் தூக்கினால் முழுக் கனமும் கையில் விழும். மூன்று அடி நீளப் பலகையைச் சாய்த்து அதன் மேல் வண்டியில் வைத்துத் தள்ளினால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். ஆனால் ஓர் அடிக்குப் பதில் மூன்று அடி தள்ள வேண்டும்.

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்களின் முழங்காலுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ராஜகிரியில் நேராக ஏற முடியாத உயரத்தை, நீளமான படிவழி சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கிறது. படிக்கட்டும் சாய்தளத்தின் தம்பிதான். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை அது. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான். அடுத்த முறை போகும்போது பிள்ளையிடம், 'வழி ஏன் நேரா போகாம இப்படி வளைஞ்சு போகுது?' என்று கேட்டுப் பாருங்கள்.

கிணற்று ராட்டினத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பெரியவர்களுக்கே உண்டு. ராட்டினம் குடத்தின் கனத்தைக் குறைக்கிறது என்று நினைக்கிறோம். மேலே கட்டிய ஒற்றை ராட்டினம் கனத்தைக் குறைப்பதில்லை, இழுக்கும் திசையைத்தான் மாற்றுகிறது. குனிந்து மேல்நோக்கித் தூக்குவதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுக்கிறோம். நம் உடம்பின் எடையே உதவிக்கு வருவதால் சுலபமாகத் தெரிகிறது.

இதைத்தான் கவலை இறைத்த தாத்தாக்கள் மாடுகளுக்கும் செய்து கொடுத்தார்கள். கிணற்று மேல் உருளை, அதன் வழியாகக் கயிறு, கயிற்றின் நுனியில் சால். மாடுகள் நடக்கும் பாதையைச் சரிவாக வெட்டியிருப்பார்கள். சால் மேலே வரும்போது மாடுகள் பள்ளத்தை நோக்கி இறங்கும். அவற்றின் எடையே இழுவைக்குத் துணை. கப்பியும் சாய்தளமும் சேர்ந்த கூட்டு இயந்திரம் அது. அதற்குத் துணையாக ஏற்றம் இருந்தது. நட்டு வைத்த கம்பத்தின் மேல் நீண்ட மரம், ஒரு பக்கம் சால், மறுபக்கம் ஆள் நடந்து பாரத்தை மாற்றுவார். அசல் நெம்புகோல்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஏற்றமும் கவலையும் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் அறிவியல் பாடத்துக்கு அவர்களைவிட நல்ல ஆசிரியர் யார்? ஒரு பேப்பரில் தாத்தா படம் போட்டுக் காட்டட்டும். பள்ளிக்கூடம் போகாத தாத்தாவாக இருந்தாலும் இந்தப் பாடத்தை அவரால் எடுக்க முடியும்.

மல்லாட்டை மெஷினும் கரும்பு ஜூஸ் வண்டியும்

இந்தப் பக்கத்தில் நிலக்கடலை என்பதைவிட மல்லாட்டை என்றால்தான் சட்டென்று புரியும். திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'டி.எம்.வி.' என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்களின் பெயரில் ஒளிந்திருப்பது திண்டிவனம்தான்.

மல்லாட்டை உடைக்கும் கைமெஷினைப் பார்த்திருப்பீர்கள். பாதி உருளை வடிவத் தொட்டி, அடியில் சல்லடை, மேலே நீண்ட கைப்பிடி. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே இருக்கும் கட்டை தோலை நசுக்கும், பருப்பும் தோலும் சல்லடை வழியாகக் கீழே விழும். கைப்பிடி ஏன் அவ்வளவு நீளம்? அதைப் பாதியாக வெட்டினால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டாலே நெம்புகோல் பாடம் தொடங்கிவிடும்.

கரும்பு விளையும் பூமியில் ஜூஸ் வண்டிக்குப் பஞ்சமில்லை. அதில் பக்கவாட்டில் தெரியும் பல்சக்கரங்களைக் கவனியுங்கள். ஒன்று வலப்பக்கம் சுற்றினால் அதோடு கோத்த இன்னொன்று இடப்பக்கம் சுற்றும். அதனால்தான் இரண்டு உருளையும் சேர்ந்து கரும்பை உள்ளே இழுக்கின்றன. மூன்றாவதாக ஒரு பல்சக்கரம் கோத்தால் அது எந்தப் பக்கம் சுற்றும் என்று பந்தயம் கட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜூஸ் மெஷின், கடலை மெஷின், கிணறு, மாவு மெஷின் பெல்ட் ஆகியவற்றை இரண்டடி தள்ளி நின்று பார்க்கத்தான் வேண்டும். சுற்றும் உருளை விரலுக்கும் கரும்புக்கும் வித்தியாசம் பார்க்காது. தாவணி, துப்பட்டா, பின்னல், வளையல் எல்லாவற்றையும் கவனியுங்கள். இதுவும் இயந்திரப் பாடத்தின் முதல் அத்தியாயம்தான்.

ரயில்வே கேட்டில் ஒரு ரோபோ

இயந்திரம் எப்போது ரோபோ ஆகிறது? ரோபோ என்ற சொல், செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய ஒரு நாடகத்தில் வந்தது. கட்டாய வேலை என்று பொருள்படும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. இன்று பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தையில் சொல்லிவிடலாம். உணர வேண்டும், முடிவெடுக்க வேண்டும், செயல்பட வேண்டும்.

மின்விசிறி ரோபோ இல்லை. ஸ்விட்ச் போட்டால் சுற்றும், அறையில் ஆள் இல்லாவிட்டாலும் சுற்றும். மொட்டை மாடித் தொட்டி நிறைந்ததும் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவி, ரோபோவின் தூரத்துச் சொந்தம். தண்ணீர் மட்டத்தை உணர்கிறது, நிறைந்துவிட்டது என்று முடிவெடுக்கிறது, மோட்டாரை நிறுத்துகிறது.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசையில் தண்டவாளம் பிரிகிறது. ரயில்வே கேட்டில் காத்திருக்காத பிள்ளை இந்த ஊரில் இருக்க முடியாது. அந்த நேரத்தில் செல்போனை எடுப்பதற்குப் பதில் கேட்டைப் பாருங்கள். நீண்ட கை ஒரு பக்கம், மறுபக்கம் குட்டையான பகுதியில் கனமான இரும்பு எடை. அந்த எடை இருப்பதால்தான் அவ்வளவு நீளக் கையைக் கேட் கீப்பர் கைப்பிடியைச் சுற்றியே தூக்கவும் இறக்கவும் முடிகிறது. இதுவும் நெம்புகோல்தான்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தவறாமல் வரும் மாடல் 'தானியங்கி ரயில்வே கேட்'. அதைப் பிரித்துப் பார்த்தால் ரோபாட்டிக்ஸ் முழுவதும் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கேட் கீப்பர் செய்யும் வேலையை, மாடலில் ஒரு சென்சார் செய்கிறது. 'ரயில் வந்தால் மூடு, போனால் திற' என்ற கட்டளை ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் இருக்கிறது. கையை இறக்க ஒரு மோட்டார். கை, நெம்புகோல். சென்சாரும் கட்டளையும் புதுசு. மற்றதெல்லாம் ஏற்றம் கட்டிய காலத்திலிருந்தே இருக்கிறது.

பிரக்யானும் இதே மூன்றைத்தான் செய்தது. 2023 ஆகஸ்ட் 27 அன்று அதன் பாதையில் 4 மீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்று தென்பட்டது. 3 மீட்டர் தூரத்திலேயே அது தெரிந்துவிட்டதால், வந்த வழியே திரும்பும்படி கட்டளை போனது. ரோவரின் கேமரா பார்த்தது, பூமியில் இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள், சக்கரங்கள் திரும்பின. ரோவரை ஓட்டிப் பார்த்து சோதிக்க, நிலவின் மண்ணைப் போன்ற மண் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிப் பாறைகளிலிருந்துதான் போனது. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தே அந்த ரோவர் நிலவில் 100 மீட்டருக்கு மேல் பயணம் செய்தது.

கிட் ஏன் அலமாரிக்குப் போகிறது?

ரோபோ கிட்டில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டர் கட்டளையில் பிழை இருக்காது.

சின்ன மோட்டாரில் நேரடியாகச் சக்கரத்தை மாட்டுவார்கள். கையில் பிடித்தால் சக்கரம் பறக்கும், தரையில் வைத்தால் கார் நகராது. மோட்டார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் அந்த மோட்டாரிடம் வேகம் இருக்கிறது, பலம் இல்லை. பல்சக்கரப் பெட்டி வழியாக வேகத்தைக் குறைத்தால்தான் பலம் கிடைக்கும். சைக்கிளில் மேடு ஏறும்போது எந்தப் பல்சக்கரம் வேண்டும் என்று யோசித்த பிள்ளைக்கு இது உடனே புரியும்.

இன்னொன்று ரோபோ கை. பத்து சென்டிமீட்டர் நீளக் கை ஒரு ரப்பரைத் தூக்குகிறது. அழகாக இருக்கட்டும் என்று கையை இருபது சென்டிமீட்டராக நீட்டினால் தூக்க மாட்டேன் என்கிறது. இதற்குப் புது மோட்டார் வாங்கித் தருவதற்கு முன்னால், ஸ்கேலில் காசு வைத்துப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட், குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். 1980-ல் வெளியான 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் முன்னுரையில், தன் சிறுவயது பல்சக்கர விளையாட்டுதான் கணக்கைப் பிடிக்க வைத்தது என்று எழுதியிருக்கிறார். வாய்ப்பாடும் சமன்பாடும் அவருக்குப் பல்சக்கரங்களாகத் தெரிந்தனவாம். 1998-ல் லெகோ நிறுவனம் தன் ரோபோ கிட்டுக்கு வைத்த பெயரும் அந்த நூலின் பெயர்தான்.

நம் நாட்டில் அதற்கு முன்பே தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வ் டியூபிலும் அறிவியலைக் காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர், வீட்டில் தூக்கிப் போடும் பொருட்களில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பொம்மையைச் செய்வதோடு அதைப் பிரித்தும் பார்க்க விட வேண்டும் என்பதுதான் அவருடைய வேலையிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆறு சோதனைகள்

1. காசுத் தராசு (6 வயது முதல்): 30 செ.மீ. ஸ்கேலின் நடுப்பகுதியை ஒரு பென்சில் மேல் வையுங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கம் 5 செ.மீ. தள்ளி இரண்டு ஒரு ரூபாய் காசு. மறுபக்கம் 10 செ.மீ. தள்ளி ஒரே ஒரு காசு. தராசு சமமாக நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான காசாக இருக்க வேண்டும். மூன்று காசு வைத்தால் எங்கே வைக்க வேண்டும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

2. ரப்பர் பேண்ட் தராசு (7 வயது முதல்): ஒரு பொம்மை காரை ரப்பர் பேண்டில் கட்டி நேராகத் தூக்குங்கள். ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பலகையைச் சாய்த்து அதன் மேல் காரை இழுங்கள். மறுபடி அளங்கள். பலகையின் சரிவைக் குறைக்கக் குறைக்க ரப்பரின் நீட்சியும் குறையும்.

3. பாதி பலத்தில் வாளி (9 வயது முதல்): கால் வாளித் தண்ணீர் போதும். கயிற்றின் ஒரு முனையை உறுதியான கொக்கியில் கட்டி, கயிற்றை வாளியின் கைப்பிடிக்குள் விட்டு மறுமுனையை மேல்நோக்கி இழுங்கள். வாளியின் கனத்தில் ஏறக்குறைய பாதிதான் கையில் தெரியும். உராய்வு கொஞ்சம் தின்றுவிடும். ஓர் அடி வாளி ஏற இரண்டு அடி கயிறு இழுக்க வேண்டியிருக்கும்.

4. துடைப்பக் கட்டைப் போட்டி (குடும்பமே விளையாடலாம்): இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு மாப் குச்சியைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு குச்சியில் கயிற்றைக் கட்டி, இரண்டு குச்சியையும் சுற்றி நான்கைந்து முறை கொண்டு வாருங்கள். கயிற்றின் நுனியை ஒரு சிறுமி இழுத்தால் இரண்டு பெரியவர்களும் கிட்டே வந்துவிடுவார்கள். விரல் கயிற்றுக்கும் குச்சிக்கும் இடையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. அம்மா ரோபோ (5 வயது முதல்): அம்மாவோ அப்பாவோ ரோபோ. பிள்ளை சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். 'டம்ளர்ல தண்ணி எடுத்து வா' என்று சொன்னால் ரோபோவுக்குப் புரியாது. 'மூணு அடி முன்னால போ, வலப்பக்கம் திரும்பு, கையை நீட்டு' என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு படி விட்டால் ரோபோ சுவரில் முட்டி நிற்கும். கம்ப்யூட்டர் இல்லாமலே புரோகிராமிங் வந்துவிடும். வீட்டில் சிரிப்பும் வரும்.

6. சிரிஞ்ச் கை (11 வயது முதல்): மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு, இணைக்க மெல்லிய டியூப், பழைய அட்டைப் பெட்டி. டியூபில் காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு சிரிஞ்சை அழுத்தினால் மற்றொன்று வெளியே தள்ளும். அதை அட்டைக் கையில் பொருத்தினால் கை தூக்கும், இறக்கும். ஜே.சி.பி.யின் கையும் இதே போல்தான் அசைகிறது. அங்கே தண்ணீருக்குப் பதில் எண்ணெய். இந்தக் கையைச் செய்த பிள்ளைக்கு மோட்டார் வைத்த ரோபோ கை ஒரு சின்ன அடுத்த படிதான்.

இந்தச் சோதனைகளை ஆண் பிள்ளையோடு மட்டும் செய்யாதீர்கள். பெண் பிள்ளையைச் சமையலறைக்கும் பையனை ஸ்பேனருக்கும் அனுப்பினால், பாதிப் பாடம்தான் இருவருக்கும் கிடைக்கும்.

வகுப்பில் சேர்க்கும் முன் கேளுங்கள்

ரோபாட்டிக்ஸ் வகுப்பே வேண்டாம் என்பதில்லை. நல்ல வகுப்பு பிள்ளைக்குப் பெரிய கதவைத் திறக்கும். பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு கிட்டுக்கு எத்தனை பிள்ளைகள்? மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஒருவர் செய்வார், மற்றவர்கள் பார்ப்பார்கள். படம் பார்த்து மாட்டிய பிறகு, அதை மாற்றிச் செய்ய அனுமதி உண்டா? செய்தது வேலை செய்யவில்லை என்றால் ஆசிரியர் சரிசெய்து தருவாரா, பிள்ளையே தேட நேரம் கொடுப்பாரா? கடைசி நாள் வீடியோவுக்காக மட்டும் ஒரு ரோபோ ஓடுகிறதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலே வகுப்பின் தரத்தைச் சொல்லிவிடும்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய 'வானவில் மன்றம்', அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. சோதனைக் கருவிகளோடு கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து, பிள்ளைகளையே செய்ய வைக்கிறார்கள். நிதி ஆயோக்கின் 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தில் தேர்வாகும் பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் அங்கே ரோபோ பாகங்களையும் 3டி பிரிண்டரையும் தொட்டுப் பழகலாம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இவை நடக்கின்றனவா, லேப் பூட்டியே கிடக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பெற்றோர் கேட்கும் லேப் அடிக்கடி திறக்கும்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர். கடற்கரைக்குப் போகும் நாளில் காலையில் அங்கே ஒரு நடை போய்விட்டு வரலாம்.

இவை தவிர, கட்டணமே இல்லாத ஒரு பயிற்சி நிலையம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. பஞ்சர் கடை. டயரை வெளியே எடுக்க மெக்கானிக் செருகும் இரும்பு லீவர், நெம்புகோல். டூ-வீலரைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட், நெம்புகோல். ஜாக்கி, திருகு. 'அண்ணா, இது எப்படி வேலை செய்யுது?' என்று பிள்ளை கேட்டால், பெரும்பாலும் கோபப்பட மாட்டார், கையில் கொடுத்துக் காட்டுவார்.

அந்த மெக்கானிக்கும், மூட்டை ஏற்றும் தொழிலாளியும், கேட் கீப்பரும், தையல் தைக்கும் அம்மாவும் நெம்புகோலையும் சக்கரத்தையும் நாள் முழுக்கக் கையாள்கிறார்கள். ஆனால் 'எங்களுக்குப் படிப்பு இல்லை, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. உங்கள் கைக்குத் தெரிந்ததைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அதற்குப் பாடப் புத்தகத்தில் என்ன பெயர் என்று பிள்ளை உங்களுக்குச் சொல்லும். அடுத்த மாதம் ரோபோ கிட் வந்தாலும் வராவிட்டாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்கேலும் பென்சிலும் மூன்று காசும் போதும்.